தொகுத்தறிதலும் உய்த்தறிதலும்: சிக்கலைத் தீர்க்கும்போது எழும் கேள்விகள்

தொகுத்தறிதலுக்கும் உய்த்தறிதலுக்கும் என்ன வேறுபாடு?

வீட்டில் மோனோபிளாக் மோட்டாரைப் போட்டால் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. வந்த எலக்ட்ரீஷியன் செருப்பைக் கழற்றுவதற்குள் "கெப்பாசிட்டர் போயிருக்கும்" என்று சொல்லிவிடுகிறார். மோட்டாரை அவர் இன்னும் தொடக்கூட இல்லை. இதுவரை அவர் பழுதுபார்த்தவற்றில், உறுமிக்கொண்டு நின்ற மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கெப்பாசிட்டர்தான் கெட்டிருந்தது. ஆகவே இதுவும் அப்படித்தான் இருக்கும் என்கிறார். பல நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இன்னும் பாராத ஒன்றைப் பற்றி முடிவு சொல்லும் இந்த வழியே தொகுத்தறிதல். அவருடைய அனுபவத்தில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்றாலும், இந்த ஒரு மோட்டாரில் பேரிங் இறுகியிருக்கலாம், முடிவு தவறிப்போகலாம்.

அவரே அடுத்து இப்படியும் சொல்கிறார்: "மோட்டாருக்குக் கரண்ட் வராவிட்டால் உறுமலே இருக்காது. உறுமல் இருக்கிறது. அப்படியானால் கரண்ட் வருகிறது." இது உய்த்தறிதல். முதல் இரண்டு கூற்றுகளும் உண்மையானால் மூன்றாவது பொய்யாவதற்கு வழியே இல்லை.

ஆக, எந்த வாதத்தையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: முன்னால் சொன்னவை அத்தனையும் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாக முடியுமா? முடியவே முடியாது என்றால் அது உய்த்தறிதல். முடியும், ஆனாலும் முன் சொன்னவை முடிவை நம்புவதற்கு ஓரளவு காரணம் தருகின்றன என்றால் அது, அகன்ற பொருளில், தொகுத்தறிதல். உறுதியைத் தருவது உய்த்தறிதல் என்பதால் அதுவே உயர்ந்தது என்று கருதிவிட வேண்டாம். அது முன்கூற்றுகளில் ஏற்கெனவே அடங்கியிருப்பதைத்தான் வெளியே எடுத்து வைக்கிறது. கண்டதைக் கொண்டு காணாததைப் பற்றிப் பேசத் துணிவது தொகுத்தறிதல். அந்தத் துணிவுக்கு அது கொடுக்கும் விலைதான் உறுதியின்மை.

தமிழில் இவற்றுக்கு ஏன் பல பெயர்கள் வழங்குகின்றன? பகுத்தறிவு என்பது இதுதானா?

இலங்கையில் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தைப் படித்தவர்களுக்குத் தொகுத்தறிதல், உய்த்தறிதல் என்ற இணை பழக்கமானது. தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் விதிவருமுறை, விதிவிளக்குமுறை என்ற பெயர்களைக் காணலாம். எடுத்துக்காட்டுகளை அடுக்கி மாணவரையே விதிக்குக் கொண்டுவருவது முன்னது, விதியைச் சொல்லிவிட்டுக் கணக்குகளில் பொருத்திக் காட்டுவது பின்னது. அவை பாடம் நடத்தும் முறைகளின் பெயர்களே அன்றி, வாதத்தின் வலிமையைப் பற்றிய பெயர்கள் அல்ல. சிலர் உய்த்தறிதலைப் பகுத்தறிதல் என்றும் எழுதுகின்றனர். பகுத்தறிவு என்ற சொல் தமிழகத்தின் சமூக, அரசியல் வரலாற்றில் தனக்கென்று வேறொரு பொருளைப் பெற்றுவிட்டதால், குழப்பம் வேண்டாம் என்று இங்கே அதைத் தவிர்த்திருக்கிறேன்.

தனித்தவற்றிலிருந்து பொதுவுக்குப் போவது தொகுத்தறிதல், பொதுவிலிருந்து தனித்ததற்கு வருவது உய்த்தறிதல் என்று படித்தோமே. அது போதாதா?

பல இடங்களில் பொருந்தும். இலக்கணமாகவே எடுத்துக்கொண்டால் இடறும். நம் எலக்ட்ரீஷியன் எந்தப் பொது விதிக்கும் போகவில்லை. பழைய மோட்டார்களிலிருந்து நேராக இந்த மோட்டாருக்கு வந்தார். ஆனாலும் அது தொகுத்தறிதல்தான். இன்னொரு பக்கம், "சாவி சட்டைப் பையில் இருக்க வேண்டும் அல்லது மேசைமேல் இருக்க வேண்டும், சட்டைப் பையில் இல்லை, ஆகவே மேசைமேல் இருக்கிறது" என்பதில் பொது விதி என்று எதுவுமே இல்லை, அது பிசகில்லாத உய்த்தறிதல். வாதம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை விட, முன்கூற்று முடிவை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம்.

ஒரு கணக்கில் ஒழுங்கு தெளிவாகத் தெரியும்போது அதை நம்பி விடை எழுதினால் என்ன?

ஒரு வட்டத்தை வரைந்து அதன் விளிம்பில் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடுகளால் இணையுங்கள். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் சந்திக்காதபடி புள்ளிகளைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் எத்தனை துண்டுகளாகிறது என்று எண்ண வேண்டும். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவதற்கு என்ன என்று கேட்டால் யாரும் 32 என்றே சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் 31 தான் வரும். ஒரு துண்டு விட்டுப்போயிற்று என்று மறுபடி மறுபடி எண்ணுபவர்கள் உண்டு. எத்தனை முறை எண்ணினாலும் 31 தான்.

ஏன் என்பதை உய்த்தறிதல் காட்டுகிறது. தொடக்கத்தில் வட்டம் ஒரே துண்டு. புதிதாக வரையும் ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது; அது வழியில் வேறு கோடுகளை வெட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் இன்னொரு துண்டு கூடுகிறது. எனவே மொத்தத் துண்டுகள் என்பது 1 உடன் கோடுகளின் எண்ணிக்கையையும் வெட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. விளிம்பில் எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றால் உள்ளே சரியாக ஒரு வெட்டுப் புள்ளி உண்டாகும். ஆறு புள்ளிகளுக்கு 15 கோடுகள்; ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும் 15; ஆக 1 + 15 + 15 = 31. ஏழு புள்ளிகளுக்கு 57. இரட்டித்துக்கொண்டே போகும் தோற்றம் முதல் ஐந்து படிகளின் தற்செயல் மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், பத்துப் புள்ளிகளுக்கு விடை 256, அதாவது மீண்டும் இரண்டின் அடுக்கு. அங்கிருந்து எண்ணத் தொடங்கும் ஒருவருக்கு வேறொரு மயக்கம் காத்திருக்கிறது.

ஆனாலும் 1, 2, 4, 8, 16 என்று எண்ணிப் பார்த்தது வீண் வேலை இல்லை. கோடுகளை வரைந்து பார்த்த கைக்குத்தான் "ஒரு கோடு எத்தனை துண்டுகளைக் கூட்டுகிறது?" என்ற கேள்வியே தோன்றும்.

அப்படியானால் எத்தனை எடுத்துக்காட்டுகள் இருந்தால் போதும்?

கணிதத்தில், பொது உண்மையை நிறுவ எத்தனை இருந்தாலும் போதாது. ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் 41 ஐயும் கூட்டுங்கள். 0 தொடங்கி 39 வரை எந்த எண்ணை எடுத்தாலும் கூட்டுத்தொகை பகா எண்ணாகவே வரும். கணிதவியலர் ஆய்லர் கவனித்த இந்த வகைக் கோவை நாற்பது முறை பிசகாமல் நடந்துவிட்டு, 40 இல் 1681 ஆகி உடைகிறது. அது 41 இன் வர்க்கம். இரண்டை விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற கோல்ட்பாக்கின் ஊகம் 1742 முதல் நிற்கிறது. 4 என்ற எண்ணுக்குப் பின் 18 சுழியங்கள் வரும் எல்லை வரை கணினிகள் சோதித்துவிட்டன; விலக்கு ஒன்றுகூட இல்லை. இருந்தும் அதைத் தேற்றம் என்று யாரும் அழைப்பதில்லை.

கணிதத்துக்கு வெளியே நிலைமை வேறு. தூய பொருள் ஒன்றின் உருகுநிலையை ஒரு வேதியியலாளர் சில மாதிரிகளில் கவனமாக அளந்துவிட்டால், உலகெங்கும் உள்ள அந்தப் பொருளுக்கே அதைப் பொதுவாக்கிவிடுகிறார்; அதில் தவறில்லை. ஐரோப்பியர்களோ நூற்றாண்டுகளாக வெள்ளை அன்னங்களையே கண்டுவந்தும், 1697 இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் டச்சுக் கடலோடி வில்லெம் டி விளாமிங்கின் குழு கறுப்பு அன்னங்களைக் கண்டபோது அந்தப் பொதுமை சரிந்தது. சில இடங்களில் ஓர் எடுத்துக்காட்டே போதுமானதாகவும் வேறு சில இடங்களில் ஆயிரங்கள் போதாமலும் இருப்பது ஏன் என்று ஆங்கில மெய்யியலர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843 இல் கேட்டார். என் பார்வையில் விடையின் ஒரு பகுதி இது: உருகுநிலை ஒரே பொருளின் மாதிரிகளுக்குள் மாறாது என்பதற்கு நம்மிடம் வேறு காரணங்கள் இருக்கின்றன, பறவையின் நிறம் இடத்துக்கு இடம் மாறக்கூடியது என்பதையும் நாம் அறிவோம். எடுத்துக்காட்டுகளை எண்ணுவதை விட, அவை எந்த வகையான பண்பைப் பற்றியவை என்று கேட்பதே பயன் தரும்.

பெரிய கணிதவியலர்களும் இப்படி ஒழுங்கை நம்பித் தவறியதுண்டா?

உண்டு, சீனிவாச இராமானுசனே தக்க சான்று. ஓர் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டலாக எழுதலாம் என்பதே எண் பிரிவினை. 4 ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் எழுதலாம். 9 க்கு 30 வழிகள், 14 க்கு 135, 19 க்கு 490, 24 க்கு 1575. கணிதவியலர் மேஜர் மக்மோகன் 200 வரை கையால் கணக்கிட்டு வைத்திருந்த அட்டவணையைப் பார்த்த இராமானுசனின் கண்ணில், 4 அல்லது 9 இல் முடியும் எண்களின் பிரிவினைகள் எல்லாம் 5 ஆல் வகுபடுவது பட்டது. அதைப் போல 5, 12, 19 என்று ஏழேழாகப் போகும் எண்களுக்கு 7 ஆலும், 6, 17, 28 என்று பதினொன்றாகப் போகும் எண்களுக்கு 11 ஆலும் வகுபட்டது.

அட்டவணையைப் பார்த்துக் கண்டது வரை தொகுத்தறிதல். அதோடு அவர் நிற்கவில்லை. 5 க்கும் 7 க்கும் உரிய கூற்றுகளை 1919 இல் வெளியான கட்டுரையில் நிறுவிவிட்டார். இனி எந்த அட்டவணையும் அவற்றை அசைக்காது. ஆனால் அதே கட்டுரையில் இன்னும் பெரிய ஊகம் ஒன்றையும் வைத்தார். 5 க்கு நடப்பது 25 க்கும் 125 க்கும் நடக்கிறது, 7 க்கு நடப்பது 49 க்கும் நடக்கிறது, 11 க்கு நடப்பது 121 க்கும் நடக்கிறது. ஆகவே இந்த மூன்று பகா எண்களின் எல்லா அடுக்குகளுக்கும் இது நடக்கும் என்றார். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 7 இன் மூன்றாம் அடுக்கு 343. அந்த ஊகத்தின்படி 343 ஆல் வகுபட வேண்டிய முதல் பிரிவினை 243 என்ற எண்ணுக்குரியது. கையில் இருந்த அட்டவணையோ 200 இல் முடிந்துவிட்டது. அதாவது 343 ஐப் பொறுத்தவரை அவருக்கு ஆதரவாக ஒரு எடுத்துக்காட்டுகூட இல்லை; மற்ற அடுக்குகளின் சாயலை வைத்து நீட்டியதுதான்.

பின்னர் ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைப் பார்த்த சர்வதமன் சாவ்லா 1934 இல், 243 இன் பிரிவினை எண்ணிக்கையான 133978259344888 என்பது 49 ஆல் வகுபட்டாலும் 343 ஆல் வகுபடவில்லை என்று காட்டினார். அந்த ஒற்றை எண் பொது ஊகத்தை வீழ்த்தியது. ஒரு விலக்கு கிடைத்ததும் "எல்லா அடுக்குகளுக்கும்" என்பது பொய் என்று முடிவு செய்வது உய்த்தறிதல். அதற்கு மேல் விவாதம் இல்லை. 1938 இல் வாட்சன் 5 இன் எல்லா அடுக்குகளுக்கும் ஊகம் சரி என்றும், 7 க்கு அதைச் சற்றுத் தளர்த்திக் கூறினால் சரி என்றும் நிறுவினார். 11 க்கு 1967 வரை, அட்கினின் நிறுவல் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை இராமானுசனின் சறுக்கல் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறுவியதை நிறுவியது என்றும் ஊகித்ததை ஊகம் என்றும் அவர் பிரித்தே எழுதினார். அவ்வாறு பிரித்து எழுதியதனால்தான் பின்வந்தவர்களுக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தது.

பதினொன்றாம் வகுப்பில் வரும் கணிதத் தொகுத்தறிதல் இந்தத் தொகுத்தறிதல்தானா?

இல்லை, பெயர்தான் ஒன்று. அது முழுக்க உய்த்தறிதல். முதல் சில ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்க எண் வருகிறது: 1, 1+3=4, 1+3+5=9. சதுரமாக வைத்த நேர்ப்புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்றாக இருக்கும் புள்ளிகளை நான்குக்கு நான்காக்க, ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் மூன்று, மூலையில் ஒன்று என 7 புள்ளிகள் வேண்டும். அது அடுத்த ஒற்றை எண். எந்த அளவிலான சதுரத்துக்கும் இதே வாதம் செல்லும் என்று காட்டிவிட்டால், முதல் படி உண்மை என்பதிலிருந்து எல்லாப் படிகளும் உண்மை என்பது தப்பாமல் பின்தொடரும். நாம் சில சதுரங்களைப் பார்த்துப் பொதுமைப்படுத்தவில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் வழியையே நிறுவியிருக்கிறோம்.

உய்த்தறிதல் தவறாது என்றால், தருக்கத்தில் பிழையில்லாத முடிவுகளும் பொய்த்துப்போவது ஏன்?

முன்கூற்று பொய்யானால் தருக்கம் காப்பாற்றாது. இதற்கு வானியலில் ஒரே மனிதர் வாழ்க்கையில் நடந்த இரண்டு நிகழ்வுகளை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. யுரேனஸ் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிறிது விலகியே நகர்ந்துவந்தது. பிரெஞ்சு வானியலர் லெவெரியே, விதி சரி என்று கொண்டு, அப்படியானால் காணாத கோள் ஒன்று அதை இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தக் கோள் இருக்க வேண்டிய இடத்தைப் பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 ஆம் நாள் இரவு அங்கிருந்த வானியலர் கல்லே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

புதன் கோளின் பாதையிலும் விலகல் இருந்தது. 1859 இல் லெவெரியே அதே வழியைக் கையாண்டார்: விதி சரி, ஆகவே சூரியனுக்கு அருகில் காணாத கோளோ கோள்களோ இருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அப்படி ஒரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்கு ஒரு விகலை) அளவான அந்த விலகலை 1915 இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது. அங்கே திருத்தம் வேண்டியிருந்தது ஈர்ப்பு விதியிலேயே. இரண்டு முறையும் வாதத்தின் வடிவம் ஒன்றுதான். முதல் முறை காப்பாற்றிய முன்கூற்று இரண்டாம் முறை கைவிட்டது. அந்த முன்கூற்றோ, நூற்றைம்பது ஆண்டு வெற்றிகளைத் தொகுத்து நம்பப்பட்ட ஒன்று. உய்த்தறிதலின் அடியில் பெரும்பாலும் தொகுத்தறிதல் இப்படி மறைந்து கிடக்கிறது.

நடைமுறைச் சிக்கலில் இரண்டும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன?

1854 ஆகஸ்டு இறுதியில் இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அழுகிய காற்றே காலராவுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவர்கள் பலரின் உறுதியான நம்பிக்கை. அருகில் வாழ்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோ, நீர் வழியாகவே அது பரவுகிறது என்று முன்பிருந்தே கருதிவந்தவர். இறந்தவர்களின் பட்டியலைப் பெற்று வீடு வீடாக விசாரித்தபோது, பெரும்பாலானோர் பிராட் தெருவின் கைப்பம்புக்கு அருகில் குடியிருந்தது தெரிந்தது. இது தொகுத்தறிதல், அதுவும் வலுக்குறைந்தது. பம்புக்கு அருகில் வாழ்ந்தவர்கள் ஒரே காற்றையும்தானே சுவாசித்தார்கள்? காற்றுக் கொள்கையினரும் இதே பட்டியலைத் தங்கள் சான்றாகக் காட்டியிருக்க முடியும்.

ஸ்னோவின் திறமை அடுத்த படியில் இருக்கிறது. இரண்டு கொள்கைகளிலிருந்தும் என்னென்ன பின்தொடர வேண்டும் என்று பிரித்துப் பார்க்க உதவும் ஆட்களை அவர் தேடினார். காற்றுதான் காரணம் என்றால் அதே தெருவில் இருக்கும் மதுவடிப்பாலையின் தொழிலாளர்களும் சாக வேண்டும். எழுபதுக்கு மேற்பட்ட அவர்களுள் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பீரும் ஆலைக்குள் இருந்த நீரும் குடித்தவர்கள். அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் இறந்தவர் ஐவரே. அங்கே சொந்தக் கிணறு இருந்தது. மறுபுறம், நீர்தான் காரணம் என்றால் தொலைவில் இருந்தாலும் அந்த நீரைக் குடித்தவருக்கு நோய் வர வேண்டும். மைல்களுக்கு அப்பால் ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவில் இறந்திருந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவர், அந்தப் பம்பின் நீர் சுவையாக இருக்கிறது என்று நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அவரிடம் வந்து அந்த நீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிய உறவுப் பெண்ணும் இறந்துபோனார்.

மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் காற்றுக் கொள்கைக்கு எதிராகச் செய்தது உய்த்தறிதல் வடிவிலானது: அது உண்மையானால் இது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை, ஆகவே அது இந்த உருவில் உண்மையில்லை. ஹாம்ஸ்டெட் மூதாட்டி நீர்க் கொள்கைக்கு ஆதரவாகச் செய்தது அந்த வடிவிலானது அல்ல. "நீர்தான் காரணம் என்றால் அவர் இறப்பார், அவர் இறந்தார், ஆகவே நீர்தான் காரணம்" என்று வாதிட்டால் அது தருக்கப் பிழை, வேறு காரணத்தாலும் இறந்திருக்கலாமே. ஆனாலும் வேறு எந்த விளக்கத்துக்கும் அந்த இறப்பு எளிதில் பொருந்தாது என்பதால் அது தொகுத்தறிதலில் மிக வலுவான சான்று. ஒரு கொள்கையை வெட்டுவதற்கும் இன்னொன்றைத் தாங்குவதற்கும் இடையே உள்ள இந்தச் சமனின்மையை மறப்பவர்கள், சான்று கிடைத்தவுடன் நிறுவிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனால்தான் நோய் நின்றது என்று கதை சொல்வது வழக்கம். மக்கள் பலர் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போய்விட்டதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்று ஸ்னோவே எழுதினார். தனக்குச் சாதகமான முடிவையும் இப்படிச் சோதித்த நேர்மையே அவரை நம்பவைக்கிறது. அவரை மறுக்கப் புறப்பட்ட ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், பம்புக்கு ஒட்டிய வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றருகே இருந்த கழிவுத் தொட்டியில் கொட்டப்பட்டதைக் கண்டுபிடித்து, பிறகு அவர் பக்கமே சேர்ந்தார்.

துப்பறியும் கதைகளில் நடப்பது உய்த்தறிதல்தானே?

பெரும்பாலும் இல்லை. காலணியில் செம்மண், கையில் மைக்கறை, ஆகவே இன்ன ஊரிலிருந்து வந்த எழுத்தர் என்று துப்பறிவாளர் சொல்லும்போது, கண்டவற்றுக்கு மிகப் பொருத்தமான விளக்கத்தை ஊகிக்கிறார். அமெரிக்க மெய்யியலர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் இதை மூன்றாவது வகையாகத் தனியே பிரித்தார். வைத்தியர் நோயைக் கணிப்பதும் மெக்கானிக் பழுதைக் கணிப்பதும் இவ்வகையே. கதையில் ஊகம் எப்போதும் பலிக்கிறது, ஏனென்றால் அதை எழுதியவருக்கு விடை முன்பே தெரியும்.

"புகை இருந்தால் நெருப்பு இருக்கும்" என்பது எந்த வகை?

இரண்டும். மணிமேகலையின் 29 ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் கற்பிக்கும் இடத்தில் இந்த எடுத்துக்காட்டு வருகிறது. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடையதாதலால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அவற்றைத் தொடர்ந்து, பொருத்திக் காட்டும் உபநயமும் முடிவு கூறும் நிகமனமும். கிரேக்க வழியில் வந்த முக்கூற்று வாதத்தில் "புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடம்" என்ற பொது விதி எங்கிருந்து வந்தது என்று கேட்க இடமில்லை, அது கொடுக்கப்பட்டது. இங்கேயோ அடுக்களை என்ற எடுத்துக்காட்டு வாதத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விதி நாம் கண்டவற்றிலிருந்து வந்தது என்பதை அது ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறது. விதியை அடுக்களையில் பெற்றது தொகுத்தறிதல். அதை மலைக்குப் பொருத்தியது உய்த்தறிதல்.

அதே காப்பியத்தின் 27 ஆம் காதையில் அனுமானம் மூவகையாகப் பேசப்படுகிறது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கும் என்பது எச்சம். கருமுகிலைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது பொது. கண்ணால் காண்பதைத் தவிர அனுமானமே செல்லாது என்று வாதிடும் பூதவாதியும் அங்கே வருகிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள்.

போட்டித் தேர்வுகளில் வரும் எண் தொடர் வினாக்களை எப்படி அணுகுவது?

தருக்கப்படி பார்த்தால் அந்த வினாக்களுக்கு ஒரே விடை கிடையாது. 1, 2, 4, 8, 16 க்கு அடுத்து 31 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு என்று மேலே கண்டோம். வினா எடுத்தவர் மனத்தில் இருக்கும் மிக எளிய விதி எது என்பதையே அங்கே கேட்கிறார்கள். தேர்வறையில் 32 என்றே எழுதுங்கள்.

நான் கண்டுபிடித்த விதி சரியா என்று நானே எப்படிச் சோதிப்பது?

1960 இல் உளவியலர் பீட்டர் வேசன் ஒரு சோதனை நடத்தினார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொன்னால் அவை விதிக்கு உட்படுமா என்று சொல்வேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் அறிவியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்றார்கள். சரி என்று பதில் வந்தது. 20, 22, 24 என்றார்கள், அதுவும் சரி. "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று அறிவித்தார்கள். தவறு என்று பதில் வந்தது. விதி இதுதான்: எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அவர்கள் குறைவாகச் சோதித்தார்கள் என்பது அல்ல குறை. தங்கள் விதி பொய்யாக இருந்தால் மட்டுமே வேறு பதில் வரக்கூடிய எண்களைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதே குறை. 1, 2, 50 என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். தொகுத்தறிந்து விதி ஒன்று கையில் கிடைத்ததும், அடுத்து உய்த்தறிந்து கேட்க வேண்டியது, "இது உண்மையானால் எது நடக்கவே கூடாது?" என்பது. பிறகு அது நடக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

நல்ல எலக்ட்ரீஷியன் இதைச் சொல்லாமலே செய்கிறார். கெப்பாசிட்டர் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்புவதற்கு முன், மெயினை அணைத்துவிட்டு, மோட்டாரின் பின்பக்க விசிறியை விரலால் சுற்றிப் பார்க்கிறார். விசிறி இறுகி நின்றால், தான் வாசலில் சொன்னதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டு ஸ்பேனரை எடுக்கிறார்.